கால் இழுக்காத எலிகள்

1

இந்த நாட்டில் ஒரு வழக்கம். பிறந்தநாளோ வேலையில் சேர்ந்த நாளோ, யாருக்கு விசேஷமோ அவரேதான் கேக் வாங்கிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குத் தர வேண்டும். வந்த புதிதில் இது தெரியாமல், என் பிறந்தநாளன்று யாராவது ஏதாவது கொடுப்பார்கள் என்று சாயங்காலம் வரைக்கும் முகத்தைச் சிரித்தபடி வைத்திருந்தேன். மற்றவர்களோ நான் எப்போது டப்பாவைத் திறப்பேன் என்று காத்திருந்தார்களாம். கடைசியில் எல்லோரும் பசியோடு வீட்டுக்குப் போனோம்.

போன செவ்வாய்க்கிழமை நான் இந்த ஆய்வகத்தில் சேர்ந்து பத்து வருஷம் முடிந்தது. இந்தத் தடவை விவரமாக ஆப்பிள் கேக் வாங்கிப்போனேன். அன்றைக்குக் காலையில்தான் பேராசிரியர் கூட்டம் போட்டு, நாங்கள் மூன்று வருஷமாகப் பார்த்துவந்த மருந்தின் வேலை இத்தோடு நிறுத்தப்படுகிறது என்று சொன்னார். சொல்லிவிட்டு, கேக் நன்றாக இருக்கிறது, இலவங்கப்பட்டை அதிகமாகப் போட்டிருக்கிறார்களோ என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். ஒரு துண்டு தின்றேன். 

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. இங்கே சொல்லி அழ ஆள் இல்லை. சொன்னால் உடனே மனநல ஆலோசகரின் நேரம் வாங்கித் தருவார்கள். அந்த நேரமும் மூன்று மாதம் கழித்துத்தான் கிடைக்கும்.

2

நான் குடியாத்தத்துக்காரி. வீட்டில் முன்கட்டில் இரண்டு விசைத்தறி, பின்கட்டில் நாங்கள். லுங்கிதான் நெய்தோம். வேலூரில் கல்லூரி, சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு, அப்புறம் கல்யாணம், அப்புறம் ஜெர்மனியின் நடுவில் இருக்கிற இந்தப் பல்கலைக்கழக ஊர். என் வேலை எலிகளோடு. தீக்காயம் ஆறின பிறகும் அந்த இடத்தில் லேசாக ஏதாவது பட்டாலே சிலருக்கு உயிர் போகிற மாதிரி வலிக்கும். புண் ஆறியிருக்கும், வலி ஆறியிருக்காது. காயம் இருப்பது காலில் என்றாலும் கோளாறு முதுகுத்தண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் முதுகுத்தண்டுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தினால் அடங்குமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

எலியை மயக்கத்தில் வைத்துப் பின்னங்காலில் சின்னதாகச் சூடு வைப்பார்கள். அது ஆறின பிறகு என் வேலை தொடங்கும். கம்பிவலைத் தரை போட்ட பெட்டியில் எலியை விட்டு, கீழேயிருந்து நைலான் இழையால் பாதத்தைத் தொடுவேன். மெல்லிய இழை, அப்புறம் கொஞ்சம் தடித்தது, அப்புறம் இன்னும் தடித்தது. எந்த இழைக்குக் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறதோ அதைக் குறித்துக்கொள்வேன். மருந்து போட்ட எலி எது, வெறும் உப்புநீர் போட்ட எலி எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் கை பொய் பண்ணும் என்பதால் மறைத்துவைப்பார்கள். எல்லாவற்றிடமும் நான் ஒரே மாதிரி, "இருடா கண்ணு, இதோ முடிஞ்சிச்சு" என்றுதான் பேசுவேன். எங்கள் எலிகளுக்குத் தமிழ்தான் புரியும் என்று கூட வேலை செய்கிற பெண்மணி கிண்டல் செய்வாள்.

வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலைதான். வீட்டில் அம்மா, "என் பொண்ணு எலி டாக்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதோடு போயிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் தம்பி ஏழுமலைக்கு விபத்து நடந்தது.

லுங்கியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பாய்லரிலிருந்து வருகிற சுடுதண்ணிக் குழாயில் இணைப்பு விட்டுப்போய், வலது கால் முட்டிக்குக் கீழே முழுக்க வெந்துவிட்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நன்றாகத்தான் பார்த்தார்கள், குறை சொல்ல முடியாது. தோல் பிடித்துக்கொண்டது, புண் ஆறியது, நடந்தே வீட்டுக்கு வந்தான். மாலை போட்டு ஆரத்தி எடுத்த படம் எனக்கு வந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்துப் போனில் சொன்னான்.

"அக்கா, புண்ணுலாம் ஆறிச்சு. ஆனா லுங்கி பட்டா முள்ளு மேல இழுத்தா மாதிரி கீது. ஃபேன் காத்து பட்டாலே காந்துது. இது இன்னாக்கா?"

 அது என்ன என்று உலகத்தில் மிகச் சிலருக்கே என் அளவுக்குத் தெரியும். அதை என் தம்பியின் வாயால் கேட்க வேண்டி வந்தது.

லுங்கி நெய்கிற வீட்டில் லுங்கி கட்ட முடியாதவனாக ஆனான். தொடை தெரிய அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருப்பான். மார்கழிக் குளிரில் போர்வை காலில் படக் கூடாது என்று, காலுக்கு மேலே ஒரு முக்காலியை நிறுத்தி, அதற்கு மேல் போர்வையைப் போடுவாள் அவன் மனைவி கலா. சித்திரை வெயிலில் வீடே வியர்க்கும், ஆனால் மின்விசிறி ஓடாது. கொசு காலில் உட்கார்ந்தால் கத்துவான்.

3

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டால் வலி கொஞ்சம் கம்மியாகும், ஆள் தள்ளாடுவான். தறிக்குப் பக்கத்தில் தள்ளாடினால் கை போய்விடும். வலிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே வா, வேறு வழியும் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை போனான். அப்புறம் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீதான் அங்க மருந்து பார்க்கறியேக்கா. இவங்க குடுக்கறதுலாம் தற்காலிகம். உன்னுது வரட்டும்."

நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. எலியில் தேறினாலும் மனிதனுக்கு வர எத்தனையோ காலம் ஆகும், தேறாமலும் போகலாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அதற்குள் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பொண்ணு ஜெர்மனியில் தம்பிக்காக மருந்து கண்டுபிடிக்கிறாள், முதுகில் ஒரே ஊசி, எழுந்து ஓடிவிடுவான் என்று. வேற்றாள் சொன்ன மருந்தாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். சொந்த அக்காள் செய்கிற மருந்து, எப்படிப் பலிக்காமல் போகும்? அந்த நம்பிக்கையை என்னால் உடைக்க முடியவில்லை. யாராலும் முடிந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

போனில் முதல் கேள்வியே அதுதான். "இன்னாக்கா, உங்க எலிங்கலாம் சௌக்கியமா?" சம்பந்தி வீட்டை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பான். சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

இதற்கு நடுவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு முகாமுக்குப் போனான். கால் இருக்கிறதா, இருக்கிறது. விரல் ஐந்தும் இருக்கிறதா, இருக்கிறது. நடந்து காட்டு என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து காட்டினான். சதவீதம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். வலிக்கு சதவீதம் போட அங்கே இடமில்லை.

இங்கே எங்கள் எலிகளுக்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். இந்த எலி படப்போகும் துன்பம் லேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா? எதற்கு மேல் போனால் சோதனையை நிறுத்துவீர்கள்? யார் முடிவு செய்வார்? தினமும் யார் வந்து பார்ப்பார்? ஒரு கேள்விக்குப் பதில் தெளிவாக இல்லை என்றால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார்கள். ரொம்ப நியாயமான சட்டம். அந்தப் பதில்களை எழுதும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. என் தம்பியைப் பற்றி ஒருத்தரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கேட்டாலும் என்ன சொல்வான்? ஒருமுறை எனக்கே மணிக்கட்டில் வலி வந்து மருத்துவரிடம் போனேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்றார். எண் எனக்கு வரவில்லை. கடுக்கிறது என்று சொல்ல நினைத்து அகராதியில் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். உங்கள் கை யார்மேல் கோபமாக இருக்கிறது என்று கேட்டார். ஏழுமலையோ ஒரே நாளில் காந்துது என்பான், சுள்ளுன்னுது என்பான், விர்ருன்னு ஏறுது, பிச்சிப் பிடுங்குது, நமநமங்குது என்பான். ஒவ்வொன்றும் வேறு வேறு. என் எலிகளிடமிருந்து எனக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். காலை இழுத்ததா, இழுக்கவில்லையா?

4

என் மகள் நிலாவுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இரண்டு வருஷமாகக் கறி, முட்டை, பால் எதுவும் தொடுவதில்லை. கலா ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். அவள் ஆசையாக அனுப்பிய தோல் செருப்பை நிலா டப்பாவோடு அலமாரிமேல் தள்ளிவிட்டாள். போட மாட்டாளாம், தூக்கிப் போடவும் மாட்டாளாம், அத்தை மனசு கஷ்டப்படுமாம். அந்த மட்டுக்கும் நம் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலையைப் பள்ளியில் யாரிடமும் சொல்வதில்லை. அம்மா மருத்துவமனையில் இருக்கிறார் என்று பொதுவாகச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒருநாள் நேராகவே கேட்டாள், "நீங்கள் எலிகளுக்குச் சூடு வைக்கிறீர்கள், இல்லையா?" நான் மயக்கமருந்து, சட்டம், அனுமதி எல்லாம் சொன்னேன். மாமாவுக்காகத்தான் என்றும் சொன்னேன்.

அதுதான் தப்பாகிவிட்டது. அடுத்த தடவை ஏழுமலை வீடியோவில் வந்தபோது போனைப் பிடுங்கி, உடைந்த தமிழில் அவனிடமே கேட்டுவிட்டாள்.

"மாமா, உங்களுக்காக எலிக்குச் சூடு வைக்கறாங்க. அது உங்களுக்கு ஓகேவா?"

போனைப் பறிக்கப் போனேன். அவன் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். 

"சுட்டா எப்டி இருக்கும்னு தெரிஞ்சவன்கிட்ட கேக்கறியேம்மா. வேணும்னு சொல்ல வாய் வரல. வேணாம்னு சொல்ல மனசு வரல. நீயே ஒண்ணு சொல்லேன்."

 நிலா போனை என்னிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரில் வளர்ந்திருந்தால் மாமன் காலைப் பிடித்துவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். அந்தக் காலை யாரும் பிடித்துவிட முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

5

இந்த வருஷம் தொடக்கத்தில் எங்களுக்கு நல்ல காலம் பிறந்த மாதிரி இருந்தது. முதலில் பார்த்த அளவில் மருந்து கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு ஓய்ந்துவிடும். அளவைக் கூட்டினோம். சில எலிகள் மெல்லிய இழைக்கும் காலை இழுக்கவில்லை, தடித்த இழைக்கும் இழுக்கவில்லை. அமைதியாக உட்கார்ந்திருந்தன. மறைத்துவைத்த பட்டியலைத் திறந்து பார்த்தால் அவை எல்லாம் மருந்து போட்டவை. பேராசிரியர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அதே சமயத்தில் அங்கேயும் நல்ல சேதி. போன் செய்கிறபோதெல்லாம் பின்னால் தறி ஓடுகிற சத்தம்.

"கேக்குதா? உன் தம்பிதான் ஓட்றான். காத்தால கலா பஸ் ஏறினா, இவன் தறிகிட்ட போய் உக்காந்துக்கறான். இப்பலாம் முனகறதே இல்லடி. சாமி கண்ணத் தொறந்துட்டாரு."

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எல்லாம் நல்லபடி இருக்கிறதா என்று யாரும் உள்ளே போய் விசாரிக்க வேண்டியதில்லை. தறி ஓடினால் வீடு ஓடுகிறது, அவ்வளவுதான். தறி நின்றால்தான் யாராவது எட்டிப்பார்ப்பார்கள். எனக்கும் அது ரத்தத்தில் ஊறியது. அந்தத் தடக் தடக் சத்தத்தைக் கேட்டதும் நெஞ்சு லேசாகிவிடும். நாற்பது வருஷம் தறிக்கு நடுவில் இருந்து காது மந்தமாகிப்போன அம்மாவுக்குக்கூட அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். பேச வேண்டும் என்றுகூட இல்லை, அம்மா போனைத் தறிப் பக்கம் காட்டினால் போதும் என்று இருந்தேன். பல நாள் அப்படித்தான் பேசாமலே போனை வைத்தேன்.

ஒரு மத்தியானம் கலா கூப்பிட்டாள். அவள் என்னைத் தனியாகக் கூப்பிடுகிறவள் இல்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட கேட்டுடாதீங்க."

"சொல்லும்மா."

"இன்னிக்குக் கம்பெனி லீவு. வீட்லதான் இருந்தேன். தறி ஓடிட்டு இருந்துச்சு. திடீர்னு கரண்ட் போச்சு. தறி நின்னுச்சு. அவர் சத்தம் நிக்கல."

எனக்குப் புரியவில்லை. "என்ன சத்தம்?"

"கத்தறாரு அண்ணி. வாய்ல துண்ட வச்சிக்கினு கத்தறாரு. தறி நின்னது அவருக்குத் தெரியல. நான் உள்ள போய்ப் பார்த்தேன். தறில பாவே இல்ல. நூல் இல்ல, ஒண்ணுமில்ல. வெறும் தறிய ஓட வுட்டுட்டுப் பக்கத்துல உக்காந்துக்கினு கத்திட்டு இருக்காரு. எத்தினி நாளா இப்டியோ தெரியல. நாங்கலாம் லுங்கி நெய்யறாருன்னு நெனச்சிட்டு இருக்கோம்."

அவள் அழுதாள். அவள் அழுகிறபோதே பின்னால் கரண்ட் வந்து தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. 

6

மறுநாள் வேலைக்குப் போய் எலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். இழையை எடுத்துத் தொட்டேன். எலி காலை இழுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மீசை மட்டும் துடித்தது.

 சும்மா இருக்கிறது என்றால் வலி இல்லை என்றுதானே அம்மாவும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

சுழலும் உருளை ஒன்று இருக்கிறது. அதன்மேல் எலியை விட்டால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். காலில் பலம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. பழைய அளவில் மருந்து கொடுத்தபோது அதைச் செய்திருந்தோம், நன்றாகவே நடந்தன. அளவைக் கூட்டிய பிறகு திரும்பச் செய்யவில்லை. யாருக்கும் நினைவில்லாமல் இல்லை. முடிவு அத்தனை அழகாக வந்துகொண்டிருந்தது, அதைக் கலைக்க யாருக்கும் கை வரவில்லை. அதைச் செய்ய வேண்டும் என்று நான் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் முகத்தைச் சுளித்தார். அப்புறம் சரி என்றார்.

எலிகள் விழுந்தன. உருளை சுற்ற ஆரம்பித்ததுமே ஒன்றன்பின் ஒன்றாகப் பொத்து பொத்தென்று கீழே இருக்கும் தட்டில் விழுந்தன. எழுந்து ஓட முடியாமல் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்தன. மருந்து வலியை அடக்கவில்லை, காலை முடக்கியிருந்தது. நான் இழையால் தொட்டபோதெல்லாம் அவற்றுக்கு வலித்திருக்கலாம். இழுத்துக்கொள்ளக் கால் வரவில்லை.

அளவைக் குறைத்தால் வலி திரும்பிவிடுகிறது. கூட்டினால் கால் போகிறது. நடுவில் ஒரு அளவு கிடைக்குமா என்று வாரக்கணக்கில் தேடினோம். கிடைக்கவில்லை. அந்த முடிவைத்தான் செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். பேராசிரியர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார், நேர்மையான வேலை என்றார். கை தட்டினார்கள். அதற்கப்புறம்தான் கேக்.

என் தம்பி தன் வலியை மறைத்த விதம் தெரியாமல் இருந்திருந்தால் நான் அந்தச் சோதனையைக் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. வேறு யாராவது என்றைக்காவது கேட்டிருப்பார்கள். ஆனால் கேட்டது நான். அவன் காத்திருந்த மருந்தை இல்லாமல் செய்தது நான். நான் செய்தது சரி என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சரியாகச் செய்தேன் என்ற எண்ணம் ஒரு சின்ன ஆறுதலைக்கூடத் தரவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். கலா வீட்டில் இருக்கிற நாள் என்று பார்த்துத்தான் கூப்பிட்டேன். ஏழுமலை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. தாடி வளர்ந்திருந்தது, மெலிந்திருந்தான்.

"இன்னாக்கா, எலிங்கலாம் சௌக்கியமா?"

பீடிகை போட எனக்குத் தெம்பு இல்லை.

"ஏழு, மருந்து சரியா வரலடா."

"வரலன்னா? லேட்டாவுமா?"

"இல்ல. நிறுத்திட்டாங்க. அது வலியக் கொறைக்கல. கால முடக்கிப் போட்டுடுச்சு. அத மனுசங்களுக்குக் குடுக்க முடியாது."

"ஓ" என்றான். ஜன்னல் பக்கம் பார்த்தான். நான் வேலூர் வலிப் பிரிவைப் பற்றிச் சொன்னேன், திரும்பப் போக வேண்டும், அங்கே வேறு வழிகள் இருக்கின்றன, என் மருந்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்றேன். தலையாட்டிக்கொண்டே இருந்தான். பாதி காதில் ஏறவில்லை என்று தெரிந்தது.

"காலு வராமப் போச்சே, அந்த எலிங்க இன்னா ஆச்சுக்கா?"

"சோதன முடிஞ்சா வச்சிருக்க மாட்டாங்கடா. மருந்து போட்டுத் தூங்க வச்சிடுவாங்க."

"தூங்க வைக்கறதுன்னா?"

"அவ்ளோதான். அப்புறம் எழுந்திரிக்காது."

"அதுக்கு வலி தெரியுமா?"

"தெரியாது. தெரியக் கூடாதுன்னு இங்க சட்டமே கீது."

மறுபடி தலையாட்டினான். தாடியைத் தடவிக்கொண்டான்.

"அப்ப அந்த மருந்து மட்டும் கரெக்டா வேல செய்யுது. இல்லக்கா?"

 பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கலாவின் கை நின்றது. அவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சும்மாதான் கேட்டேன். பயந்துட்டியா? பேஜாரா பூடுச்சு, அதான்."

நல்ல சிரிப்பு. பழைய சிரிப்பு. அதை நம்பியிருப்பேன், போன வருஷமாக இருந்தால்.

போனை வைத்ததும் கலாவைத் தனியாகக் கூப்பிட்டேன். அவனைத் தனியே விடாதே, நாளைக்கே வேலூருக்குக் கூட்டிப்போ, அவன் என்ன கேட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் அப்படியே சொல் என்றேன். "சரி அண்ணி, கம்பெனிக்கு லீவு சொல்லிடறேன்" என்றாள். அதைக் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளாமல், என் பின்னால் நிலா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஊர்த் தமிழ் அவ்வளவாகப் புரியாது என்றுதான் இத்தனை நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். மாமா கேட்டது எல்லாம் தனக்குப் புரிந்தது என்றாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

திங்கட்கிழமை ஊருக்குப் போக விடுமுறைக்கு எழுதிப் போட்டேன். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் கணவன், பிள்ளை, தாய், தகப்பன் இருக்கிறார்கள். கூடப் பிறந்தவனுக்குச் சம்பளத்தோடு விடுமுறை இல்லையாம். அவனுக்கு உயிருக்கு ஆபத்து என்று மருத்துவச் சான்று இருந்தால் பரிசீலிக்கலாம் என்றாள் அலுவலகத்துப் பெண். அவன் காலில் வலி என்றேன். எந்த மருத்துவரும் அதைச் சான்றாக எழுதித் தர மாட்டார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்களாம். கலா கூடவே இருக்கிறாள். நேற்று அவனோடு பேசினேன். எலிகளைப் பற்றிக் கேட்கவில்லை. எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டான். வியாழக்கிழமை என்றேன்.

ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் போகும்போது பெட்டி நிறைய ஏதாவது எடுத்துப்போவேன். இந்தத் தடவை பெட்டியைத் திறந்துவைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு எடுத்துப்போக என்னிடம் எதுவும் இல்லை. அவன் காலைத் தொட முடியாது, ஒரு துணி போர்த்த முடியாது, விசிறிவிடக்கூட முடியாது. போய்ப் பக்கத்தில் உட்காருவேன். கத்த வேண்டும் போலிருந்தால் என் முன்னால் கத்துடா என்று சொல்வேன்.